காந்தத் திரவ ஸ்லைடர் மக்கர் செய்தால்: அறிகுறியை வைத்துப் பழுது பார்க்கும் முறை

காந்தத் திரவத்தை, அதாவது காந்தம் இழுத்த பக்கம் வரும் கறுப்புத் திரவத்தை (ferrofluid), மசகாக வைத்து ஓடும் ஸ்லைடர் சரியாக அமைந்துவிட்டால் விரல் நுனியால் தொட்டாலே நகரும். எண்ணெய் போட்ட சாதாரண ஸ்லைடரில் கிளம்பும்போது வருகிற அந்தச் சின்ன உதறல் இதில் இல்லை. திடப்பொருள் இரண்டும் ஒன்றை ஒன்று தொடுவதில்லை என்பதால் தேய்மானமும் இல்லை. நுண்ணோக்கியின் மேடை, ஒளியியல் சோதனை மேசை, சின்னச் சின்ன விசையை அளக்கும் கருவி, கடைசி வருட ப்ராஜெக்ட் என்று மெல்லிய அசைவு வேண்டிய இடங்களுக்கு இது அருமையான வழி.

அமையவில்லை என்றால் எல்லாரும் முதலில் கை வைப்பது திரவத்தின் மேல். ‘சரக்கு சரியில்லை’ என்று சொல்லி இன்னொரு பாட்டில் வாங்குவார்கள். விலையும் குறைச்சல் இல்லை. கிண்டி, அம்பத்தூர் பட்டறைகளிலும் மாணவர்களின் மேசைகளிலும் நான் பார்த்த வரையில் கோளாறு பெரும்பாலும் காந்தத்தில் இருக்கும், இல்லாவிட்டால் அடியில் இருக்கும் தளத்தில் இருக்கும். திரவத்தின் மேல் சந்தேகம் கடைசியில்தான் வர வேண்டும்.

கீழே உள்ளவை பொதுவான ஓர் அமைப்புக்கு எழுதியவை. நகரும் பலகையின் அடியில் வட்டமான நியோடிமியம் காந்தங்கள், அவற்றின் முகத்தில் காந்தத் திரவம், அதற்கும் கீழே காந்தத்தால் ஈர்க்கப்படாத சமமான தளம். காந்தம் தளத்தில் இருந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

எதற்கும் முன்னால் வளையத்தைப் பாருங்கள்

காந்தத் திரவத்தில் இருப்பது மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடின் நுண்துகள்கள். ஒவ்வொன்றும் சுமார் 10 நானோமீட்டர். ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க ஒலியிக் அமிலம் போன்ற ஒரு பூச்சு. இவை எண்ணெயிலோ மண்ணெண்ணெய் வகைத் திரவத்திலோ மிதக்கின்றன. இவ்வளவு சிறியவை என்பதால் வெப்ப அசைவே இவற்றை அடியில் படியவிடாமல் வைத்திருக்கிறது. 1963-ல் நாசாவில் ஸ்டீவன் பேப்பெல் இதை உருவாக்கியது, எடையற்ற நிலையில் ராக்கெட் எரிபொருளைக் காந்தத்தால் இழுத்துக் குழாய் வாய்க்குக் கொண்டுவர. பிறகு அது சுழலும் தண்டுகளுக்கு வெற்றிட அடைப்பாகவும், ஒலிபெருக்கிக்குள்ளும் போனது. நம்ம பக்கத்தில் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் காந்தத் திரவங்கள் பற்றிய ஆராய்ச்சி நடந்து வருகிறது.

மசகு வேலைக்கு நமக்குத் தேவையான விஷயம் ஒன்றே ஒன்று: காந்தப் புலம் எங்கே அதிகமோ அங்கே போய் நிற்பது இதன் குணம். வட்டக் காந்தத்தின் முகத்தில் புலம் அதிகமாக இருப்பது விளிம்பில். எனவே திரவம் விளிம்பைச் சுற்றி வளையமாக நிற்கும். அந்தக் காந்தத்தைத் தளத்தின் மேல் வைத்தால் வளையத்துக்கு நடுவில் கொஞ்சம் காற்று மாட்டிக்கொள்ளும். எடையைத் தாங்குவதில் பெரும்பங்கு அந்தக் காற்றுக்குத்தான். வளையம் அதற்குச் சுவர்.

அதனால் எந்தக் கோளாறு வந்தாலும் முதல் வேலை, ஸ்லைடரை ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து, தகட்டைத் தூக்கிப் பிடித்துக் கீழிருந்து செல்போன் டார்ச் அடித்துப் பார்ப்பது. கறுப்பு வளையம் முழுசாக மூடியிருக்க வேண்டும், நடுவில் காந்தத்தின் வெள்ளி முகம் தெரிய வேண்டும். ஓர் இடத்தில் இடைவெளி விட்டு ‘ப’ போல நின்றால் காற்று உள்ளே நிற்காது. நடுவும் கறுப்பாக நிறைந்திருந்தால் திரவம் கூடிப்போயிற்று, காற்றுக்கு இடமில்லை. ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்திருந்தால் பலகை சாய்ந்திருக்கிறது. பாதிப் பழுதுகளுக்கு விடை இந்த ஒரு பார்வையிலேயே வந்துவிடும்.

வைத்ததும் ‘டப்’ என்று ஒட்டிக்கொள்கிறது, நகரவே மாட்டேன் என்கிறது

தளம் இரும்பு. இதற்கு மேல் ஆராய ஒன்றும் இல்லை. காந்தம் இரும்பை இழுக்கும் விசைக்கு முன்னால் திரவம் தூக்கும் விசை ஒன்றுமே இல்லை. திரவம் பிதுங்கி வெளியே வந்துவிடும், காந்தம் இரும்பிலேயே உட்கார்ந்துவிடும். இரும்புத் தண்டவாளத்தில் ஓடும் வழக்கமான ஸ்லைடருக்குக் கிரீஸுக்குப் பதிலாக இதைப் போடலாமா என்று கேட்பவர்களுக்கும் என் பதில் வேண்டாம் என்பதுதான். காந்தம் இல்லாத இடத்தில் இது சாதாரண எண்ணெய், அதுவும் விலை கூடிய எண்ணெய்.

லேசாக மட்டும் இழுக்கிறது என்றால் இரண்டு இடங்களைச் சந்தேகப்படுங்கள். எவர்சில்வர் தகட்டில், 304 ரகமே ஆனாலும், வளைத்த இடத்திலும் வெட்டிய ஓரத்திலும் கொஞ்சம் காந்தத் தன்மை வந்துவிடும். அடுத்தது கிரானைட். சமையல் மேடை போட்டு மிச்சமான துண்டு கனமாகவும் சமமாகவும் இருக்கிறதே என்று எடுத்து வைப்பார்கள். கறுப்பு கிரானைட் என்று விற்பதில் சில வகைக் கல்லில் மேக்னடைட் கலந்திருக்கும். சின்னக் காந்தம் ஒன்றை நூலில் கட்டிக் கல்லுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டால் தெரிந்துவிடும். நூல் கல்லின் பக்கம் சாய்ந்தால் அந்தக் கல் வேண்டாம்.

மிதக்கிறது, ஆனால் எடை வைத்ததும் உரசுகிறது

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கையால் தூக்கவே முடியாத அளவுக்கு இழுக்கும் காந்தம், எடையையும் அதே அளவுக்குத் தாங்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். திரவத்தின் தெவிட்டு காந்தமாக்கம் (புலத்தை எவ்வளவு கூட்டினாலும் அது தாண்டாத காந்தமாகும் அளவு) 400 காஸ், அதாவது 0.04 டெஸ்லா. காந்தத்தின் விளிம்பில் புலம் மீட்டருக்குச் சுமார் 3,20,000 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் சுமார் 12,800 பாஸ்கல் வருகிறது. வளிமண்டல அழுத்தத்தில் எட்டில் ஒரு பங்கு. 20 மி.மீ. விட்டமுள்ள வட்டக் காந்தத்தின் முழு முகத்திலும் இந்த அழுத்தம் இருக்கிறது என்று வைத்தாலும் 4 நியூட்டன்தான், அதாவது 400 கிராம் சுமை. நிஜத்தில் அவ்வளவு வராது. திரவம் தளத்தைத் தொடும் இடத்தில் புலம் குறைந்துவிடும். அதில் பாதி கிடைக்கும் என்று வைத்து வடிவமைத்தால் நிம்மதி.

அந்த அளவுக்குள் எடை இருந்தும் உரசினால், காற்று வெளியேறிவிட்டதா என்று பாருங்கள். பலகையை ஒரு முறை கையால் ஓங்கி அழுத்தியிருந்தால் போதும். உள்ளே இருந்த காற்று வளையத்தைக் கிழித்துக்கொண்டு குமிழியாக வெளியே போயிருக்கும். வளையம் மறுபடி மூடிக்கொள்ளும், ஆனால் போன காற்று திரும்பாது. பலகை முன்னைவிடத் தாழ்வாகவே நிற்கும். திரவத்தை இன்னும் ஊற்றினால் நிலைமை மோசமாகும், ஏனென்றால் காற்று இருக்க வேண்டிய இடத்தையும் அது எடுத்துக்கொள்ளும். ஸ்லைடரை முழுசாகத் தூக்கிவிட்டு, சாய்க்காமல், நான்கு பக்கமும் ஒரே சமயத்தில் தளத்தைத் தொடும்படி நேராக இறக்குங்கள். ஒரு ஓரத்தை முதலில் வைத்துப் பிறகு மறு ஓரத்தைச் சாய்த்தால், மூடும் நேரத்தில் காற்று நழுவிவிடும்.

சென்னைக்கே உரிய வடிவம் ஒன்றும் இதற்கு உண்டு. வெள்ளிக்கிழமை மாலை ஏசி ஓடும் அறையில் நன்றாக மிதந்த ஸ்லைடர், திங்கட்கிழமை காலை தாழ்ந்து கிடக்கும். ஏசி நின்ற அறை கத்திரி வெயிலில் 24 டிகிரியிலிருந்து 38 டிகிரிக்குப் போனால் அடைபட்ட காற்று சுமார் 5 சதவீதம் விரியும். ஏற்கெனவே முழுச் சுமையில் இருந்த ஸ்லைடர் என்றால் அந்த அதிகக் காற்று வளையத்தைத் தாண்டி வெளியே போய்விடும். அறை திரும்பக் குளிர்ந்ததும் உள்ளே இருப்பது சுருங்கி, பலகை கீழே இறங்கும். வேலை முடிந்ததும் ஸ்லைடரைத் தூக்கி, திரவத்தோடு மல்லாக்க வைத்துவிட்டுப் போவதுதான் சுலபமான தீர்வு. தினமும் தூக்கி வைக்க முடியாத அமைப்பு என்றால் சுமையைக் குறையுங்கள், அல்லது காந்தத்தின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

காந்தத்தைக் கூட்டுவது என்றதும் இன்னொன்று. ரிச்சி தெருவில் பழைய ஹார்டு டிஸ்க் குவியலில் கிடைக்கும் பிறை வடிவக் காந்தத்தைப் பார்த்திருப்பீர்கள். தகட்டோடு சேர்த்து எடுங்கள், பிரிக்காதீர்கள். அந்தத் தகடு பின்பக்கம் போக வேண்டிய புலத்தை முன்பக்கம் திருப்பிவிடுகிறது. மேலும் அந்தக் காந்தத்தின் ஒரே முகத்தில் பாதி வடக்கு, பாதி தெற்கு இருக்கும். ஒரு சொட்டுத் திரவம் விட்டால் நடுவில், இரண்டு துருவமும் சந்திக்கும் கோட்டில், கறுப்பாக ஒரு வரப்பு எழும்புவதைப் பார்க்கலாம். அப்படித் துருவங்கள் மாறி மாறி வரும் இடத்தில் திரவம் கெட்டியாகப் பிடித்து நிற்கும். வட்டக் காந்தங்களையே வைத்தாலும் பின்னால் ஒரு மெல்லிய இரும்புத் தகடு கொடுத்து, பக்கத்துப் பக்கத்துக் காந்தங்களின் துருவத்தை மாற்றி மாற்றி ஒட்டினால் நல்ல வித்தியாசம் தெரியும்.

இப்படிப் பல காந்தம் வைக்கும்போது விரல் ஜாக்கிரதை. நியோடிமியம் இரண்டு ஒன்றை நோக்கி ஒன்று பாய்ந்தால் நடுவில் மாட்டிய தோல் பிய்ந்துவிடும், காந்தமும் உடைந்து சில்லு பறக்கும். இதய பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பக்கத்தில் வர வேண்டாம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் மேசையின் மேல் விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஒன்றுக்கு மேல் விழுங்கிவிட்டால் குடலையே கிழிக்கும் அளவுக்கு ஆபத்து.

மெதுவாகத் தள்ளினால் சுகம், வேகமாகத் தள்ளினால் பிடித்து இழுக்கிறது

வேகம் கூடக் கூட எதிர்ப்பும் கூடுவது எந்தத் திரவ மசகுக்கும் இயல்பு. ஆனால் அளவுக்கு மீறி இழுத்தால், உங்கள் தளம் அலுமினியமா என்று பாருங்கள். அலுமினியத்தைக் காந்தம் ஈர்க்காது, ஆகவே பொருத்தமான தளம் என்று எடுத்துக்கொள்கிறோம். ஆனால் அது மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதன் மேல் காந்தம் நகர்ந்தால் உள்ளே சுழல் மின்னோட்டம் எழுந்து அசைவைத் தடுக்கும். பிசுபிசுப்புதான் காரணம் என்று நினைத்து மெல்லிய திரவத்துக்கு மாறியவர்களுக்கு ஒரு மாற்றமும் தெரியாததற்கு இதுதான் காரணம்.

சோதனை எளிது. காந்தத்தைச் சுத்தமாகத் துடைத்து நூலில் கட்டி, அலுமினியத் தகட்டுக்கு மிக அருகில், அதைத் தொடாமல் ஊஞ்சலாட விடுங்கள். திரவமே இல்லாதபோதும் ஓரிரு ஆட்டத்தில் சட்டென்று நின்றுவிடும். அதையே கண்ணாடியின் மேல் ஆட்டினால் நிதானமாக ஆடிக்கொண்டே இருக்கும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க அலுமினியத்தின் வேலை.

அதிர்வு அடங்க வேண்டிய இடத்தில் இந்தத் தடை நன்மையே. வேண்டாம் என்றால் கண்ணாடிக்கு மாறுங்கள். ஜன்னலுக்குப் போடும் சாதாரண ஃப்ளோட் கண்ணாடி இந்த வேலைக்குத் தேவையான அளவு சமமாகவே இருக்கும். கடையில் வெட்டும்போதே ஓரத்தைத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். ஆக்ரிலிக்கும் ஓடும். ஆனால் துடைத்தால் நிலைமின் ஏறித் தூசியை இழுக்கும், சீக்கிரம் கீறலும் விழும்.

தளம் கண்ணாடியாக இருந்தும் இழுக்கிறது என்றால் மட்டும் திரவத்தின் அளவையும் பிசுபிசுப்பையும் கவனியுங்கள். 20 மி.மீ. காந்தம் ஒன்றுக்குக் கால் மில்லி போட்டு ஆரம்பிக்கலாம். வளையம் மூடியதும் நிறுத்திவிடுங்கள்.

போகிற வழியெல்லாம் கறுப்புத் தடம்

கொஞ்சம் தடம் விடுவது இயற்கை. வேகம் கூடினால் பின்னால் விட்டுப்போகும் படலமும் தடிக்கும். குறுகிய தூரத்துக்குள் முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடர் திரும்பி வரும்போது அந்தப் படலத்தைத் தானே வாரி எடுத்துக்கொள்ளும். கொஞ்ச நேரம் ஓடியபின் வளையத்தின் அளவு ஒரு நிலைக்கு வந்துவிடும். அந்த நிலையில் எடையைத் தாங்கினால் போதும், தடத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்.

ஒரே திசையில் நீண்ட தூரம் போகும் அமைப்பில்தான் தலைவலி. வழி நெடுகப் படலம் தங்கிவிட, வளையம் மெலிந்துகொண்டே போய்க் கடைசியில் ஓர் இடத்தில் திறந்துகொள்ளும். வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். தளத்தின் மேல் எண்ணெய் ஒட்டாத பூச்சு கொடுப்பது அடுத்த வழி. டெஃப்லான் ஒட்டுத்தாளை ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்ட முடிந்தால் நல்ல பலன் தரும். சுருக்கம் இருந்தால் ஒட்டாமலே இருந்திருக்கலாம், அதன் வழியாகவே காற்று போய்விடும்.

புதுத் தளத்தில் மட்டும் தடம் அதிகம், பழைய தளத்தில் இல்லை என்றால் அழுக்குதான். கைரேகை, பாலிஷ் மெழுகு எல்லாம் திரவம் பரவும் விதத்தை மாற்றும். பாத்திரம் துலக்கும் சோப்பால் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்தபின் திரும்பப் பாருங்கள். போர் தண்ணீரில் அலசினால் காய்ந்ததும் உப்புப் புள்ளி நிற்கும், அந்தப் புள்ளியே உரசும்.

யாரும் தொடவில்லை, தானாக நகர்ந்துபோகிறது

சந்தோஷப்படுங்கள், உங்கள் ஸ்லைடர் நன்றாக வேலை செய்கிறது. நிலை உராய்வு இல்லாத பலகையைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. மேசை கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் அந்தப் பக்கம் போய்விடும். ரசமட்டம் வைத்துக் கால்களைச் சரிசெய்யுங்கள். சமமாக இருந்தும் ஒரே பக்கம் போனால் அந்தத் திசையில் இரும்பு பீரோவோ மேசையின் இரும்புச் சட்டமோ இருக்கும். மேலே சுற்றும் ஃபேன் காற்றும் லேசான பலகையைத் தள்ளும். ஃபேனை நிறுத்திவிட்டுப் பாருங்கள் என்று முதலில் சொல்லியிருக்க வேண்டிய அளவுக்கு இது சகஜம்.

திரவம் காந்தத்தை விட்டு வேறு எங்கோ போய் நிற்கிறது

பலகையில் போட்ட ஸ்க்ரூக்களைப் பாருங்கள். காந்தத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இரும்பு ஸ்க்ரூவின் தலையும் காந்தமாகிவிடும், கூர்மையான ஓரத்தில் புலம் இன்னும் கூடும், திரவம் அங்கே ஏறிக்கொள்ளும். பித்தளை அல்லது நைலான் ஸ்க்ரூ போட்டால் பிரச்சினை தீர்ந்தது. இரண்டு காந்தங்கள் மிக அருகில் இருந்தாலும் வலுவானது மற்றதன் திரவத்தை இழுத்துக்கொள்ளும். ஒரு கால் உயர்ந்து மறுகால் தாழ்ந்து நிற்பதற்கு இது ஒரு காரணம். காந்தங்களை ஒரே கடையில், ஒரே ரகத்தில் வாங்குங்கள். வலு குறைந்த என்35 ரகம் இரண்டும் வலு கூடிய என்52 ரகம் ஒன்றும் கலந்து வைத்தால் சமநிலை வராது.

நிரப்பும்போது முள் முள்ளாக எழும்புவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். புலம் ஓர் அளவைத் தாண்டினால் திரவத்தின் மேற்பரப்பு அப்படித்தான் எழும்பும். தளத்தின் மேல் வைத்ததும் அமுங்கிவிடும்.

கீறல் விழுகிறது, மணல் மாதிரி கரகரக்கிறது

கண்ணாடியில் வட்ட வட்டமாகக் கீறல் விழுந்தால், அந்தத் திரவம் எங்கே வாங்கியது என்பது முக்கியம். பிரிண்டர் டோனரைச் சமையல் எண்ணெயில் கலந்து வீட்டிலேயே காந்தத் திரவம் செய்யலாம் என்று காட்டுவார்கள். காந்தத்தை நீட்டினால் அது முள் எழுப்பும், பார்க்க அழகாக இருக்கும். மசகாகப் போடாதீர்கள். டோனர் துகள் பிளாஸ்டிக்கும் இரும்பு ஆக்சைடும் சேர்ந்தது, அளவு மைக்ரான் கணக்கு. நானோ துகளைவிடப் பல நூறு மடங்கு பெரிது. சும்மா விட்டால் படியும், காந்தத்தின் அருகே எண்ணெயைப் பிரித்துவிட்டுக் கட்டியாகிவிடும்.

அதிர்வுத் தாங்கிகளில் போடும் எம்ஆர் திரவமும் வேறு. அதிலும் இரும்புத் துகள் மைக்ரான் அளவில்தான் இருக்கும். புலம் பட்டால் கெட்டியாவதே அதன் வேலை. கெட்டியாவது நமக்கு ஆகாது.

நல்ல திரவம்தான் என்று உறுதியாகத் தெரிந்தால், கரகரப்புக்குக் காரணம் தூசி. வெளியே கட்டட வேலை நடக்கும் தெருவில் ஜன்னலைத் திறந்து வைத்தால் ஒரே நாளில் தளத்தில் மண் படியும். கிரைண்டர் ஓடும் பட்டறையில் இரும்புப் பொடி பறந்து வந்து காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். அதை எந்தத் துணியாலும் துடைத்து எடுக்க முடியாது. மாவு மாதிரி பிசைந்த ரப்பர் அல்லது வலுவான ஒட்டும் டேப்பால் ஒற்றி ஒற்றி எடுங்கள். ஸ்லைடருக்கு மேல் ஆக்ரிலிக் மூடி ஒன்று போட்டுவிட்டால் இந்தப் பகுதியை நீங்கள் திரும்பப் படிக்க வேண்டியிருக்காது.

காலையில் முதல் தள்ளு கனமாக இருக்கிறது

இப்போது திரவத்துக்கு வருவோம். இரவு முழுக்கக் காற்று கசிந்து பலகை தளத்தில் உட்கார்ந்திருந்தாலும் முதல் தள்ளு கனக்கும். அது மேலே சொன்ன கதை. வளையம் முழுசாக இருந்தும் கனத்தால் திரவம் கெட்டியாகியிருக்கிறது. மண்ணெண்ணெய் வகையில் செய்த திரவம் திறந்த நிலையில் ஆவியாகிக்கொண்டே இருக்கும். துகள்கள் அப்படியே தங்கிவிடும், தார் மாதிரி ஒரு குழம்பு மிஞ்சும். தண்ணீரில் செய்தது இதைவிடச் சீக்கிரம் காயும், ஏசி அறையில் இன்னும் வேகமாக.

ஆவியானது துகள் இல்லை, அடித்திரவம்தான். எனவே திரும்பக் காந்தத் திரவத்தையே ஊற்றினால் துகளின் அடர்த்தி கூடிக்கொண்டே போகும். எந்த அடித்திரவத்தில் செய்ததோ அதையே சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, பலகையை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தி மறுபடி தளர்கிறதா என்று பாருங்கள். இது தற்காலிக வைத்தியம். நாள்கணக்கில் ஓட வேண்டிய ஸ்லைடருக்கு, எளிதில் ஆவியாகாத செயற்கை எண்ணெயில் செய்த திரவத்தை ஆரம்பத்திலேயே வாங்குவதுதான் சரி. பிசுபிசுப்பு கொஞ்சம் கூடும். அந்தக் கூடுதலை நான் விருப்பத்தோடு ஏற்றுக்கொள்வேன்.

ஒலிபெருக்கியிலும் இதே கதை நடக்கிறது. ட்வீட்டரில், அதாவது கீச்சொலிக்கான சின்ன ஒலிபெருக்கியில், கம்பிச் சுருள் ஓடும் குறுகிய இடைவெளியில் காந்தத் திரவம் விட்டிருப்பார்கள். சுருளின் சூட்டைக் காந்தத்துக்குக் கடத்தவும், அதிர்வை அடக்கவும், சுருள் உரசாமல் நடுவில் நிற்கவும் அது உதவுகிறது. பல வருடம் கழித்துச் சுருள் எரியவில்லை, ஓம் மீட்டரில் சரியாகவே காட்டுகிறது, ஆனாலும் ஜால்ரா சத்தம் மங்கி, மூடிய அறைக்குள் இருந்து வருவது போல் கேட்டால் திரவம் இறுகியிருக்க வாய்ப்பு அதிகம். டோமை (சுருள் ஒட்டியிருக்கும் குவிந்த சவ்வை) கழற்றி, மையொற்றுத் தாளைக் குறுகிய பட்டைகளாக வெட்டி இடைவெளிக்குள் செருகி இழுங்கள். முதல் பட்டை கரும்பழுப்புச் சேறோடு வரும். தாள் வெள்ளையாக வெளியே வரும் வரை பட்டையை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் பழையதும் புதியதும் கலந்து அதே நிலைக்குத்தான் வரும். புதுத் திரவத்தைப் பிளாஸ்டிக் முனை போட்ட சிரிஞ்சால் விடுங்கள். இரும்பு ஊசியைக் கொண்டுபோனால் காந்தம் கையைத் தட்டிப் பறித்து இடைவெளியின் சுவரில் அடித்துவிடும். அளவு அந்த ட்வீட்டருக்குத் தயாரிப்பாளர் சொன்னதுதான். கூடினால் ஓடும்போது தெறித்து டோமில் படியும்.

கட்டி கட்டியாகப் பிரிகிறது, ஓரத்தில் தெளிந்த எண்ணெய் நிற்கிறது

இது திரவமே கெட்டுவிட்ட அறிகுறி. துகளின் மேல் இருந்த பூச்சு போய்விட்டது, துகள்கள் கும்பலாக ஒட்டிக்கொண்டன. சந்தேகம் இருந்தால் கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு விட்டு, கீழே வலுவான காந்தத்தை வைத்து நகர்த்துங்கள். நல்ல திரவம் மொத்தமாக ஒரே உடம்பாக நகரும். கெட்டது கறுப்பை மட்டும் காந்தத்தோடு அனுப்பிவிட்டு வெளிறிய எண்ணெயைப் பின்னால் விடும்.

பெரும்பாலும் காரணம் சுத்தம் செய்தவர் கையில் இருக்கும். தளத்தை அசிட்டோனாலோ ஸ்பிரிட்டாலோ தின்னராலோ துடைத்துவிட்டு, காயும் முன்பே ஸ்லைடரை வைத்துவிடுவார்கள். ஆல்கஹாலும் அசிட்டோனும் ஒலியிக் அமிலப் பூச்சுள்ள துகள்களைக் கட்டியாக்கிவிடும். துடைக்க மண்ணெண்ணெயோ டர்பென்டைனோ போதும், கடைசியில் சோப்புத் தண்ணீர். எண்ணெய்த் திரவமும் தண்ணீர்த் திரவமும் கலப்பதும் இதே முடிவைத் தரும். பாட்டிலில் எதில் செய்தது என்று எழுதாமல் விற்றால் வாங்காதீர்கள்.

காந்தத்தின் ஓரத்தில் பழுப்புத் துரு தெரிந்தால் அது வேறு வியாதி. நியோடிமியத்தின் நிக்கல் பூச்சு ஓர் இடத்தில் பெயர்ந்தால் போதும், திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கத்து உப்புக்காற்றில் உள்ளே பொடிப்பொடியாக உதிர ஆரம்பிக்கும். அந்தப் பொடி திரவத்தில் கலந்து கரகரப்பு வரும். திரவம் அதைக் காப்பாற்றாது. கடலோரத்தில் இருப்பவர்கள் எபாக்சி பூசிய காந்தம் வாங்குங்கள். ஒட்டும்போது சுட வைக்காதீர்கள். சாதாரண ரக நியோடிமியம் 80 டிகிரிக்கு மேல் வலுவை இழக்கும், ஆறிய பிறகும் முழுசாகத் திரும்பாது.

கெட்ட திரவத்தை மீட்க வழி இல்லை. காந்தத்தை ஒரு பாலித்தீன் கவருக்குள் போட்டு, கவரோடு தளத்தில் தேய்த்தால் திரவம் முழுக்கக் கவரின் வெளிப்பக்கம் வந்து ஒட்டிக்கொள்ளும். காந்தத்தை உள்ளிருந்து உருவிவிட்டால் திரவம் கவரோடு தங்கிவிடும். சிந்தியதைத் திரும்ப எடுக்கவும் இதே வழி. வெறும் காந்தத்தை நேராகத் திரவத்தில் வைத்துவிட்டால் துடைத்து மாளாது. எடுத்ததைப் பழைய துணியில் உறிஞ்சி மூடியுள்ள டப்பாவில் போட்டு, பட்டறையின் கழிவு எண்ணெயோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். தொட்டியில் ஊற்ற வேண்டாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சட்டையில் பட்ட கறை போகாது.